பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து விலங்கு மிதவை உயிரிகளை ஆராய்வது எப்படி: வலையிலிருந்து தரவுத்தளம் வரை முழுமையான வழிகாட்டி

விலங்கு மிதவை உயிரிகள் என்பவை நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் சிறு விலங்குகள். ஒரே கடற்பகுதியில் ஒரே நாளில் ஒரு கப்பல் 200 மைக்ரான் கண்ணியுள்ள வலையையும் இன்னொரு கப்பல் 330 மைக்ரான் வலையையும் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கப்பலின் குப்பியில் ஆய்தோனா போன்ற சிறிய கோப்பிபாடுகளும் (இறாலுக்கு உறவான மிகச் சிறிய ஓட்டுடலிகள்) நாப்ளியஸ் எனும் இளம் லார்வாக்களும் மிகக் குறைவாகவே இருக்கும். கடலில் அவை குறைவாக இல்லை, கண்ணி வழியே நழுவிப் போய்விட்டன. இரு கப்பல்களின் எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டால், நாட்டு எல்லைக்கோட்டில் கடலின் சூழலே மாறிவிடுவதுபோல் தெரியும். கூட்டாய்வுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகின்றன. ஒப்பந்தம், நிதி, நட்பு எல்லாம் இருக்கும். எண்கள் மட்டும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் இந்த வழிகாட்டியில் கூட்டங்களைவிட வலைக்கும் குப்பிக்கும் பதிவேட்டுக்கும் அதிக இடம்.

இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1960களின் முதல் பாதியில் நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் பல நாட்டுக் கப்பல்கள் ஒரே வகை வலையைப் பயன்படுத்தின. அதுதான் ‘இந்தியப் பெருங்கடல் தர வலை’: வாய்ப் பரப்பு 1 சதுர மீட்டர், கண்ணி 330 மைக்ரான், 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்பு வரை செங்குத்து இழுவை. மாதிரிகள் கொச்சியில் அமைந்த ஒரே மையத்தில் பிரிக்கப்பட்டன. அங்கே பெரும் குழுக்களாகப் பிரித்தபின், ஒவ்வொரு குழுவும் அந்தந்த வல்லுநருக்குப் போனது. அந்தத் தரவை இன்றும் பயன்படுத்த முடிகிறதென்றால் வலையும் பிரிப்பு முறையும் ஒன்றாக இருந்ததே முதற்காரணம்.

படி 1: கேள்வியைச் சுருக்கி, நெறிமுறைத் தாளை எழுதுங்கள்

‘மிதவை உயிரிகளின் பன்மயம்’ என்பது கேள்வி ஆகாது. ‘0 முதல் 200 மீட்டர் வரை, பருவமழைக்கு முன்னும் பின்னும், கோப்பிபாடுகளின் எண்ணிக்கையும் உலர் எடையும் எவ்வளவு மாறுகின்றன’ என்பது கேள்வி. எந்த அளவு உயிரி வேண்டும் என்று முடிவானால் கண்ணி அளவும் முடிவாகிவிடும். ஓர் உயிரியை ஏறத்தாழ முழுமையாகப் பிடிக்க வேண்டுமானால், கண்ணி அதன் உடல் அகலத்தில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கணக்கில் எடுக்க வேண்டியது அகலத்தை, நீளத்தை அல்ல. ஒல்லியான கோப்பிபாடு 0.8 மி.மீ. நீளம் இருந்தாலும் தலையை முன்னே நீட்டி 330 மைக்ரான் கண்ணிக்குள் நுழைந்துவிடும்.

புதிதாக வலை வடிவமைக்கும் ஆசையை இந்தக் கட்டத்திலேயே விட்டுவிடுங்கள். யுனெஸ்கோ குழு 1968-ல் பரிந்துரைத்த டபிள்யூபி-2 வலை (200 மைக்ரான், வாய்ப் பரப்பு 0.25 சதுர மீட்டர்) உலகம் முழுவதும் புழக்கத்தில் உள்ளது. வட பசிபிக்கில் 45 செ.மீ. விட்டமுள்ள நார்பேக் வலையில் எடுத்த நீண்ட காலத் தரவுத் தொடர்கள் உண்டு. ஐஸ் எனப்படும் சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம் 2000-ல் விலங்கு மிதவை உயிரி முறைகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. உங்கள் பகுதியில் ஏற்கெனவே எந்த வலையில் பழைய தரவு குவிந்திருக்கிறதோ அதையே எடுப்பதுதான் புத்திசாலித்தனம், அது சற்றுப் பழசாக இருந்தாலும்.

நெறிமுறைத் தாள் நான்கைந்து பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கப்பல் தளத்தில் ஈரக்கையோடு நிற்பவர் நாற்பது பக்கத்தைப் புரட்ட மாட்டார். அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: மாதிரிக் குப்பிகள் எந்த நாட்டில் இருக்கும், தரவு எத்தனை மாதத்தில் பொதுவெளிக்கு வரும், கட்டுரையில் யார் யார் பெயர் வரும். கடற்கரை நாட்டு ஆய்வாளர்களை வெறும் மாதிரி அனுப்பும் ஆட்களாக வைத்திருக்கும் திட்டம் இரண்டாவது ஆண்டைத் தாண்டுவது கடினம். எண்ணுவது, இனங்காண்பது, பகுப்பாய்வு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

படி 2: அனுமதிகள்

இன்னொரு நாட்டின் தனிப் பொருளாதார மண்டலத்தில் வலை போட அந்த நாட்டின் ஒப்புதல் தேவை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 246-வது பிரிவு இதைச் சொல்கிறது. 248-வது பிரிவின்படி, ஆய்வு தொடங்குவதற்குக் குறைந்தது 6 மாதம் முன்பே கப்பல், கருவி, இடம், தேதி, பொறுப்பாளர் ஆகிய விவரங்களைக் கொடுத்தாக வேண்டும். 249-வது பிரிவு உங்கள் கடமைகளை விவரிக்கிறது: கடற்கரை நாட்டு ஆய்வாளருக்குக் கப்பலில் இடம், அறிக்கைகள், தரவும் மாதிரிகளும் கிடைக்க வழி. பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளும் விதி 252-வது பிரிவில் இருக்கிறது. அதை நம்பிக் கப்பலைக் கிளப்பாதீர்கள். எல்லையில் நிற்கும் ரோந்துப் படகு அந்தப் பிரிவைப் படித்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நடைமுறையில் 9 முதல் 12 மாதம் ஒதுக்குவது நல்லது.

டிஎன்ஏ வேலை உண்டென்றால் இன்னோர் அடுக்கு சேரும். மரபணு வளங்களின் பயனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை 2014 அக்டோபர் 12 முதல் நடப்பில் உள்ளது. அதில் சேர்ந்த நாடுகளில் பல, மாதிரியை வெளியே எடுத்துச் செல்லுமுன் முன் ஒப்புதலும் பயன்பகிர்வு ஒப்பந்தமும் கேட்கும். எந்த நாட்டு எல்லைக்கும் உட்படாத ஆழ்கடலுக்கு 2023-ல் தனி ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அங்கே சேகரிக்கும் மரபணு வளங்கள் பற்றிய அறிவிப்பும் அதில் அடங்கும். ‘பின்னால் டிஎன்ஏ பார்த்தாலும் பார்ப்போம்’ என்ற வரியை முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது மொத்த விண்ணப்பத்தையும் திரும்பப் போடுவதற்குச் சமம்.

படி 3: வலையும் ஓட்டமானியும்

எல்லா நாட்டு வலைகளையும் ஒரே தயாரிப்பாளரிடம், முடிந்தால் ஒரே சுருள் நைலான் துணியில் தைத்து வாங்குங்கள். வந்ததும் நுண்ணோக்கியில் 20 கண்ணிகளையாவது அளந்து சராசரியைப் பதியுங்கள். ‘200’ என்று எழுதிய துணி எப்போதும் சரியாக 200 ஆக இருப்பதில்லை; பழைய துணி நீண்டும் சுருங்கியும் மாறுகிறது.

அடுத்தது வடிகட்டும் பரப்பு. வலைத் துணியின் திறந்த துளைகளின் மொத்தப் பரப்பு, வாய்ப் பரப்பைப்போல் 5 மடங்காவது இருக்க வேண்டும். பாசி மிகுந்த பச்சை நீரில் இதைவிடக் கூடுதலாகத் தேவை. போதாவிட்டால் வலை அடைத்துக்கொண்டு, வாயின் முன்னே தண்ணீர் பிதுங்கி விலகும். கூடவே உயிரிகளும் விலகும்.

வலை அடைத்ததா என்பதைக் காட்டிக்கொடுப்பது, உள்ளே பாய்ந்த நீரைச் சுழலியால் அளக்கும் ஓட்டமானிதான். அதை வாயின் நட்டநடுவில் கட்டாமல், மையத்துக்கும் விளிம்புக்கும் இடையில் பாதித் தூரத்தில் கட்டுங்கள். செங்குத்து இழுவையில், வலை கீழே இறங்கும்போது சுழலி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் பூட்டு கட்டாயம் வேண்டும். அது இல்லாத மானியின் கணக்கில் இறங்கும்போது சுற்றியதும் கலந்துவிடும்.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பரவலாகப் பயன்படும் ஜெனரல் ஓஷியானிக்ஸ் மானியின் வழக்கமான சுழலிக்கு ஓர் எண்ணுக்கு சுமார் 0.02687 மீட்டர். டபிள்யூபி-2 வலையை 200 மீட்டரிலிருந்து இழுக்கிறோம். மானியின் முன்பின் வேறுபாடு 6,700. தூரம் 180 மீட்டர், கனஅளவு 45 கனமீட்டர். கம்பி நீளப்படி 50 வர வேண்டும். ஆக வடிகட்டும் திறன் 90 விழுக்காடு, ஏற்கத்தக்கது. அதே இழுவையில் வேறுபாடு 3,700 என்று வந்தால் கனஅளவு 25 கனமீட்டர்தான். வலை வழியில் எங்கோ அடைத்திருக்கிறது. அந்த மாதிரியைத் திருத்தக் கணக்குப் போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம், ஏனென்றால் எந்த ஆழத்தில் அடைத்தது என்று தெரியாது. வலையைக் கழுவி மீண்டும் இழுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: டபிள்யூபி-2 வாயின் 57 செ.மீ. விட்டத்துக்குக் கணக்கிட்டால் பரப்பு 0.255 சதுர மீட்டர். ஒரு நாடு 0.25 என்றும் இன்னொரு நாடு 0.255 என்றும் போட்டால் தொடக்கத்திலேயே 2 விழுக்காடு வேறுபாடு. எதைப் போடுவது என்று நெறிமுறைத் தாளில் எழுதுங்கள். மானிகளை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பின்னும், அமைதியான நீரில் தெரிந்த தூரம் இழுத்துச் சரிபாருங்கள். வலையில்லாமல் வெறும் வளையத்தில் கட்டி இழுத்தால் போதும்.

படி 4: இழுவை

- வேகம்: டபிள்யூபி-2க்கு நிமிடத்துக்கு 45 மீட்டர், தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல். மெதுவானால் பெரிய உயிரிகள் தப்பும். வேகமானால் சிறியவை கண்ணியில் பிழியப்பட்டு வெளியேறும்.
- கம்பிச் சாய்வு: கோணமானியால் அளந்து, கம்பி நீளத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்குங்கள். 200 மீட்டர் கம்பி 30 டிகிரி சாய்ந்தால் வலை இருப்பது 173 மீட்டரில். 45 டிகிரியைத் தாண்டினால் எடையைக் கூட்டி மறுபடி இறக்குங்கள்.
- நேரம்: பல இனங்கள் பகலில் ஆழத்திலும் இரவில் மேலேயும் இருக்கும். ஒரு கப்பல் பகலிலும் மற்றது இரவிலும் இழுத்தால் ஒப்பீடு போய்விடும். உள்ளூர் சூரிய உதயம், மறைவு ஆகியவற்றுக்கு முன்பின் ஒரு மணி நேரத்தைத் தவிர்த்து, பகல், இரவு எனத் தனித்தனியாக எடுங்கள்.

வலை மேலே வந்ததும் வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் கடல்நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வாய் வழியாகக் குழாயை விட்டால், அந்தத் தண்ணீரில் இருக்கும் உயிரிகளும் மாதிரியில் சேரும்.

படி 5: பதப்படுத்தல்

கூட்டாய்வில் மிக அதிகமான மாதிரிகள் வீணாவது இங்கேதான். காரணம் சப்பென்றது: ‘4 விழுக்காடு’ என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். கடையில் வரும் ஃபார்மலின் ஏறத்தாழ 37 முதல் 40 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு. ஒரு பங்கு ஃபார்மலினும் ஒன்பது பங்கு மாதிரி நீரும் சேர்ந்தால் சுமார் 4 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு கிடைக்கும், இதுதான் தேவை. ‘4 விழுக்காடு ஃபார்மலின்’ என்று படித்து 100 மில்லிக்கு 4 மில்லி ஊற்றுபவருக்குக் கிடைப்பது ஒன்றரை விழுக்காடு. சில வாரத்தில் குப்பி நாறும். ஆகவே நெறிமுறையில் விழுக்காட்டை எழுதாதீர்கள், மில்லியை எழுதுங்கள்: 250 மில்லி குப்பியில் மாதிரியும் கடல்நீரும் சேர்ந்து 225 மில்லி, அதன்மேல் கெட்டி ஃபார்மலின் 25 மில்லி.

ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகும். அமிலம் டெரோபாடுகளின் (மிதக்கும் சிறு கடல் நத்தைகள்) சுண்ண ஓட்டைக் கரைத்துவிடும். எனவே கெட்டி ஃபார்மலினில் போராக்ஸ் தூளை, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும் அளவுக்கு முன்கூட்டியே கலந்து வையுங்கள். பிஎச் 8 முதல் 8.2 வரை இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். குப்பியில் உயிரிகள் படியும் அளவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரண்டு குப்பிகளாகப் பிரியுங்கள்.

சீப்பு ஜெல்லிகள் ஃபார்மலினில் பெரும்பாலும் சிதைந்துபோகும். அவற்றைக் கப்பலிலேயே உயிருடன் எண்ணிப் படமெடுக்காவிட்டால், உங்கள் தரவில் அவை பிறக்கவே இல்லை.

டிஎன்ஏக்குத் தனி இழுவை எடுங்கள், அல்லது ஃபார்மலின் படுமுன் மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். சல்லடையில் கடல்நீரை நன்றாக வடித்து, உயிரிகளைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத 95 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். உயிரிகளின் உடல்நீர் எத்தனாலை நீர்க்கச் செய்யும். அதனால் 24 மணி நேரத்துக்குள் புது எத்தனால் மாற்றுவது கட்டாயம்.

லேபிளைப் பென்சிலால் தடித்த காகிதத்தில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியது உதிரும். பேனா மை எத்தனாலில் ஓடிவிடும்.

படி 6: பிரித்தலும் எண்ணுதலும்

முதலில் 5 மி.மீ.க்கு மேற்பட்ட பெரியவற்றைத் தனியே எடுத்து முழுமையாக எண்ணிவிடுங்கள். மீதியை, மாதிரியைச் சமமாகப் பிரிக்கும் கருவிகளான ஃபோல்சம் பிரிப்பானிலோ மோட்டோடா பெட்டியிலோ பாதி பாதியாகப் பிரியுங்கள். கருவி சமதளத்தில் இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பார்ப்பது பலர் மறக்கும் வேலை. கருவி சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் போகும். ஐந்து முறை பிரித்தால் பிழை ஐந்து முறை பெருகும். முதல் சில மாதிரிகளில் இரு பாதிகளையும் எண்ணி ஒப்பிடுங்கள்.

எவ்வளவு எண்ணினால் போதும்? ஓர் இனத்தில் 100 உயிரிகளை எண்ணினால் பிழை எல்லை ஏறத்தாழ 20 விழுக்காடு. 400 எண்ணினால் 10. அதற்குமேல் உழைப்புக் கூடும் அளவுக்குத் துல்லியம் கூடாது. மொத்தம் 400 உயிரிகளாவது கிடைக்கும் அளவுக்குப் பிரித்து நிறுத்துங்கள்.

முப்பத்திரண்டில் ஒரு பங்கில் 120 அகார்ஷியா (ஒரு கோப்பிபாடு பேரினம்) கிடைத்தால் முழு மாதிரியில் 3,840. அதை 45 கனமீட்டரால் வகுத்தால் கனமீட்டருக்கு 85. பதிவேட்டில் இந்த 85-ஐ மட்டும் எழுதுவது பெரிய தவறு. 120, முப்பத்திரண்டில் ஒன்று, மானியின் முன்பின் எண்கள் என எல்லாம் இருக்க வேண்டும். கனஅளவுக் கணக்கில் பிறகு பிழை தெரிந்தால், மூல எண் இருந்தால்தான் திருத்த முடியும்.

படி 7: இனங்காணலைச் சோதித்தல்

ஒரே குப்பியை எல்லா ஆய்வகங்களுக்கும் சுற்றுக்கு விட்டு, பெயர் மறைத்து முடிவுகளை ஒப்பிடுங்கள். ஆளுக்கொரு பிரிபங்கு அனுப்பினால், வேறுபாடு பிரித்ததில் வந்ததா, பெயரிட்டதில் வந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் சுற்றும் குப்பியில் கோப்பிபாடுகளின் உணர்கொம்பும் கால்களும் ஒடியும். எனவே அதே மாதிரியின் படத்தொகுப்பும் கூடவே போகட்டும்.

அனுபவசாலிகள்கூட வழுக்கும் இடம் காலனஸ் பேரினம். வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் காலனஸ் ஃபின்மார்க்கிகஸ், காலனஸ் கிளேசியாலிஸ் ஆகிய இரண்டையும் நீண்ட காலமாக முன்னுடல் நீளத்தை வைத்தே பிரித்துவந்தார்கள். மரபணு வழியில் சோதித்தபோது இரண்டின் நீள அளவுகளும் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிவது தெரிந்தது. நீளம் மட்டும் பார்த்துப் பெயரிட்ட பழைய எண்ணிக்கைகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. உறுதியில்லாதபோது ‘காலனஸ், இனம் பிரிக்கப்படவில்லை’ என்று எழுதுவதில் வெட்கமில்லை. தைரியமான தவறான பெயர்தான் தரவுத்தளத்தில் நிரந்தரமாகத் தங்கும்.

ஒரு குறுகிய டிஎன்ஏ பகுதியை வைத்து இனங்காணும் டிஎன்ஏ பட்டைக்குறி இதற்குத் துணை நிற்கும். சிஓஐ மரபணுப் பகுதிதான் பொதுவான தேர்வு. ஒப்பிட வேண்டிய மேற்கோள் டிஎன்ஏ வரிசைகளை மெட்டாஸூஜீன் என்ற சர்வதேச முயற்சி தொகுத்துவருகிறது. உங்கள் கடலின் இனம் அதில் இல்லாவிட்டால், வல்லுநர் அடையாளம் கண்ட உயிரியிலிருந்தே வரிசையெடுத்து, அந்த உயிரியையும் சான்றாகப் பாதுகாத்துச் சேருங்கள். வரிசைகளின் எண்ணிக்கையை உயிரிகளின் எண்ணிக்கையாகப் படிக்காதீர்கள்.

ஸூஸ்கேன் போன்ற படக்கருவி வைத்திருப்பவர்கள் மிதவை உயிரிப் படங்களை இனம் பிரிக்கும் ஈக்கோடாக்சா இணையதளத்தில் படங்களைப் பகிர்ந்து, வேறு நாட்டு வல்லுநரே சரிபார்க்கும்படி செய்யலாம். குப்பியைச் சுற்றுக்கு விடும் செலவு குறையும்.

படி 8: வலை மாறினால்

ஏதோவொரு நாட்டின் வலை வேறாகத்தான் இருக்கும், அல்லது நடுவில் மாறும். கலிஃபோர்னியாக் கடலில் 1949-ல் தொடங்கிய கால்கோஃபி ஆய்வில்கூட 1969-ல் இழுவை ஆழம் 140-லிருந்து 210 மீட்டரானது. 1978-ல் வளைய வலைக்குப் பதில் போங்கோ வலை (இரு வளைய வலைகள் இணைந்தது) வந்தது. மாற்றத்தை மறைக்காமல், பழையதையும் புதியதையும் அருகருகே இழுத்து ஒப்பிடுவதே வழி. ஒரே நிலையத்தில், மாற்றி மாற்றி, பகலிலும் இரவிலும், குறைந்தது இரு பருவங்களில் செய்யுங்கள். மாற்றுக் காரணியை இனக்குழுவுக்கும் அளவுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். மொத்த எண்ணிக்கைக்கு ஒரே காரணி போட்டால், பெரிய கோப்பிபாடுகளை ஊதிப் பெருக்கிச் சிறியவற்றைக் குறைத்துக் காட்டுவீர்கள்.

தொடர் மிதவை உயிரிப் பதிவுக் கருவியின் தரவை வலைத் தரவோடு நேரடியாகச் சேர்க்கவே கூடாது. அது 270 மைக்ரான் பட்டுத்துணியில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக, வணிகக் கப்பல் வேகத்தில் எடுப்பது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கங்களை ஒப்பிடலாம். கனமீட்டர் எண்களை ஒப்பிட முடியாது.

படி 9: உயிர்த்திரள் (உயிரிகளின் மொத்த அளவு)

உலர் எடைக்கு 60 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம். ஃபார்மலினில் கிடந்த மாதிரி எடை இழக்கும். புது மாதிரி எடையோடு கலக்காதீர்கள். ஜெல்லி மிகுந்த மாதிரியில் இடப்பெயர்ச்சிக் கனஅளவு (மாதிரி இடம்பெயர்க்கும் நீரின் அளவு) பெரிதாகத் தெரியும், கார்பன் கொஞ்சம்தான் இருக்கும். ஜெல்லிகளை முதலிலேயே பிரித்து அளக்கச் சொல்லுங்கள்.

படி 10: மாதிரி அனுப்புதல்

விமானத்தில் எத்தனாலும் கெட்டி ஃபார்மலினும் ஆபத்தான சரக்கு வகையில் வரும். ஆய்வு மாதிரிகளுக்கென சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் ஏ180 சிறப்பு விதி ஒரு சலுகை தருகிறது: உள்குப்பி ஒவ்வொன்றிலும் 30 மில்லிக்கு மேல் எத்தனால் இருக்கக் கூடாது, வெளிப்பெட்டியில் மொத்தம் 1 லிட்டரைத் தாண்டக் கூடாது, உறிஞ்சும் பொருளோடு மூடிய பைக்குள் இருக்க வேண்டும். நடப்பாண்டு விதியை அனுப்பும் நிறுவனத்திடம் சரிபார்த்து, விதி எண்ணைப் பெட்டியிலேயே எழுதுங்கள். ‘வணிக மதிப்பற்ற, நோய் பரப்பாத, இறந்த அறிவியல் மாதிரி’ என்ற கடிதமும் ஒப்புதல் ஆணையின் நகலும் பெட்டிக்கு வெளியே ஒட்டப்பட வேண்டும். உள்ளே வைத்தால் சுங்கத்தில் பெட்டியைத் திறந்துதான் படிப்பார்கள்.

படி 11: தரவு

ஒவ்வொரு நாடும் தன் வழக்கப்படி எண் எழுதும். சில நாடுகளில் 1,234 என்பது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு. சில நாடுகளில் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. 03/04 மார்ச்சா ஏப்ரலா? தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையிலும், நேரத்தை உலகப் பொது நேரத்திலும், இடத்தைப் பதின்மப் பாகையிலும் எழுதக் கட்டாயப்படுத்துங்கள். இனப்பெயரோடு, உலகக் கடல் உயிரினப் பதிவேடான வோர்ம்ஸ் தரும் அஃபியா எண்ணையும் சேருங்கள். பெயர் மாறினாலும் அந்த எண்ணைப் பிடித்து இன்றைய பெயருக்கு வந்துவிடலாம்.

வெற்றுக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் குழப்பாதீர்கள். பூஜ்யம் என்றால் தேடினோம், இல்லை. வெற்று என்றால் தேடவில்லை. ஓர் ஆய்வகம் ஆய்தோனாவை இனம்வரை பிரிக்காமல் விட்டுக் கட்டத்தை வெறுமையாக வைத்தால், தொகுப்பவர் அதைப் பூஜ்யமாக நிரப்புவார். அந்தக் கடலில் அந்த இனமே இல்லை என்று கட்டுரை வரும். ‘தேடிய இனங்களின் பட்டியல்’ என்று ஒவ்வொரு ஆய்வகத்திடமும் தனிக் கோப்பு வாங்குங்கள்.

முடிந்த தொகுப்பை, உயிரினப் பதிவுகளுக்கான பொது வடிவமான டார்வின் கோர் வடிவத்தில், உலகக் கடல் உயிரினத் தரவுத்தளமான ஓபிஸுக்கு அனுப்புங்கள். இழுவை ஒரு நிகழ்வாகவும், உயிரிகள் அதன்கீழ் வரும் பதிவுகளாகவும், கண்ணி, வாய்ப் பரப்பு, கனஅளவு, பிரிபங்கு ஆகியவை அளவீடுகளாகவும் இருக்கும்.

படி 12: குப்பிகளைப் பேணுதல்

எண்ணி முடித்த மாதிரியைக் கொட்டாதீர்கள். பிரித்த பங்குகளை மீண்டும் சேர்த்து, பிளாஸ்டிக் மூடியிட்ட குப்பியில், வெளிச்சம் படாத குளிர்ந்த அறையில் வையுங்கள். உலோக மூடியை ஃபார்மலின் ஆவி அரித்துவிடும். துருவும் உள்ளே விழும். மிகக் குளிர்ந்த இடத்தில் ஃபார்மலினில் வெள்ளைப் படிவு இறங்கும். அதை உயிரிகளின் சிதைவு என்று நினைத்துக் குப்பியைக் கழித்துவிட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டிலும் ஒருவர் திரவ மட்டமும் பிஎச்சும் பார்த்து, குறைந்ததை நிரப்பி, பொதுப் பட்டியலில் தேதியோடு கையெழுத்திட வேண்டும். அவர் யார் என்பதை முதல் கூட்டத்திலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அவர் ஓய்வு பெற்றால் சாவியும் பட்டியலும் யாரிடம் போகும் என்பதையும் சேர்த்து.